வேலைக்காரன் வேஷத்துக்கு ஆள் தேவை

பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யை எங்கள் ஊர் நாடகக் குழு மேடையேற்றப் போகிறது என்று டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியதுதான் தாமதம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் எஜமானர்கள். வேலைக்காரன் ஒருவன்கூட இல்லை.

நாடகத்தில் எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இருவரில் யார் பெரிய மக்கு என்பதில்தான் போட்டி. 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் இதைப் படமாக்கியபோது எஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். படம் பார்த்தவர்கள் ரத்தினத்தை மறக்கமாட்டார்கள். ஆனாலும் நம்மாட்களுக்கு ஜரிகை அங்கவஸ்திர வேஷம்தான் வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் அங்கவஸ்திரத்தோடேயே வந்திருந்தார். வசனத்தை ஜப்தி நோட்டீஸ் மாதிரி வாசித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மிரட்டி, கெஞ்சிச் சிலரை வேலைக்காரனாக்கினேன். அவர்களுக்கு நானே கட்டிய சின்னப் பரீட்சை ஒன்று. "வாசல்ல யார் வந்திருக்காங்கன்னு பார்த்துட்டு வா" என்பேன். போக வேண்டும், பார்க்க வேண்டும், வந்து பேசாமல் நிற்க வேண்டும். பார்த்துவிட்டு வரத்தானே சொன்னேன்?

ஒரு இளைஞர் வாசலை அடைவதற்குள் வடிவேலுவின் நடைகள் அனைத்தையும் நடந்து முடித்தார். எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் திரும்பி வந்து, நாங்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரித்தார். பட்டிமன்றப் பேச்சாளரோ விருந்தோம்பலில் ஆரம்பித்துவிட்டார். தான் செய்வது ஜோக் என்று அந்தச் சபாபதிக்குத் தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் அவன் கெட்டிக்காரன்; அவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

பெண் வேஷம் தனிக்கதை. பம்மல் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். கதாநாயகி வேஷமும் ஆண்களுக்கே. பம்மலுக்கு ஜோடியாகப் புடவை கட்டி நின்றவர் ரங்கவடிவேலு. கவலையில்லாத காலம்! எங்களிடம் வந்த பெண் அருமையாக வசனம் பேசினாள். கூட வந்த அம்மாதான் கேட்டார்:

"தாலி கட்டற சீன் இருக்கா சார்?"

"இருந்தா எடுத்துடறோம்மா."

"கட்டாம எப்படி சார் அந்த ஆளோட குடும்பம் நடத்துவா?"

கடைசியாக, நாற்காலி அடுக்கிக்கொடுக்க வந்திருந்த ரிட்டயர்டு டவாலி ஒருவர் கையைத் தூக்கினார். வாசலுக்குப் போனார், பார்த்தார், வந்தார். கைகட்டி நின்றார். முகத்தில் ஒரு சலனமில்லை. "யாருய்யா வந்திருக்கா?" என்றேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றார். கூடம் குலுங்கியது.

தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை. அங்கவஸ்திரம் நழுவ எழுந்து, "இதுல நடிப்பு எங்க சார் இருக்கு? என் ஆபீஸ்ல இருந்த வரைக்கும் இவன் இதைத்தான் பண்ணினான்!" என்று கத்தினார். முகம் சிவந்து, விழி உருண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாறிய அந்த நிமிஷத்தில் எங்களுக்கு எஜமானனும் கிடைத்துவிட்டார்.