கூட்டணுமா, கழிக்கணுமா?

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. கூட்டல், பெருக்கல் தப்பில்லாமல் போடுகிறான். அதையே கதையாகக் கொடுத்தால், ‘அம்மா, கூட்டணுமா, கழிக்கணுமா?’ என்று என் முகத்தைப் பார்க்கிறான். (ஒரு தாய், பேரையூர்)

பதில்: பார்க்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எண்களை மட்டும் விரலால் மூடிவிட்டு, ‘கணக்குல என்ன நடக்குது, சொல்லு’ என்று கேளுங்கள். ‘ஒருத்தர் மக்காச்சோளம் வித்தாரு, வண்டி வாடகை கொடுத்தாரு, கையில எவ்வளவு நிக்கும்னு கேக்குறாங்க’ என்று சொல்லிவிட்டான் என்றால் பாதிக் கணக்கு முடிந்தது.

இப்போது விரலை எடுங்கள். மூட்டை 3, மூட்டைக்கு 60 கிலோ, குவிண்டால் 2,200 ரூபாய், வாடகை 250. அவசரக்காரப் பிள்ளை 3-ஐ 2,200-ஆல் பெருக்கிவிடும். மூட்டை வேறு, குவிண்டால் வேறு என்பது, களத்தில் எடை போடுவதைப் பார்த்திருந்தால் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கொஞ்சம் நிறுத்தினால் போதும். மொத்தம் 180 கிலோ. ஒரு குவிண்டால், அதாவது 100 கிலோ, 2,200 என்றால் ஒரு கிலோ 22. ஆக 3,960 ரூபாய். வாடகை போக 3,710.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது கிலோவா, ரூபாயா என்று எழுதச் சொல்லுங்கள். முடித்ததும், ‘ரெண்டு குவிண்டாலே 4,400-தான், அதுக்குள்ள வந்திருக்கா?’ என்று பார்க்கட்டும். கணித மேதை போல்யா 1945-ல் எழுதிய புத்தகத்தில், விடை வந்தபின் திரும்பிப் பார்ப்பதைக் கடைசிப் படியாகவே வைத்தார். கதையாக வரும் இந்த மாதிரிக் கணக்கை நம் தாத்தாக்கள் வழிக்கணக்கு என்றார்கள். விடைக்கு ஒரு மார்க் என்றால் வழிக்கு நாலு மார்க் கொடுக்கலாம் என்பேன்.

கேள்வி: ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி. இந்தச் சூத்திரம் போதாதா? (டி.கல்லுப்பட்டி வாசகர்)

பதில்: 8 ஆட்டை விற்றபின் மீதி 17 ஆடு. முதலில் எத்தனை? ‘மீதி’யைப் பார்த்ததும் கழித்தால் 9 வரும், மீதியைவிட முதல் குறைந்துபோகும்! கூட்டினால்தான் 25.

பிரான்சில் கிரெனோபிள் நகரில் 1980 வாக்கில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கப்பல் தலைவருக்கு என்ன வயது? 97 பேரில் 76 பேர், இருந்த எண்களை வைத்தே ஒரு விடை சொன்னார்கள். பிள்ளைகள் மீது தப்பில்லை. கணக்கு என்றால் விடை வந்தே தீரவேண்டும் என்று பழக்கியவர்கள் நாம். ‘இதுல வயசு சொல்லவே இல்லையே’ என்று கேட்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள்.

கேள்வி: கணக்கு வராதது பரம்பரையா? (எழுமலை)

பதில்: பரம்பரைக்கும் ஓரளவு பங்கு உண்டு, ஆனால் அதுவே தலைவிதி இல்லை. பயமும் வீட்டிலிருந்து வரலாம்.

கேள்வி: நான் பூ கட்டி விற்பவள், பள்ளிக்கூடம் போனதில்லை. மகளுக்கு எப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது? (பேரையூர்)

பதில்: தாயே, முழம் 40 ரூபாய் என்றால் மூன்றரை முழம் எவ்வளவு என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? மூணு முழம் 120, அரை முழம் 20, ஆக 140. பாடப் புத்தகம் கேட்பதும் இந்த வழியைத்தான்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு, 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தால் 37; கதையாகக் கொடுத்தால் 74. ஒரு பையனிடம் தேங்காய் 35, பத்துக் காய் எவ்வளவு என்றார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று மும்மூன்றாக ஏறி 350-க்கு வந்துவிட்டான்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுக் கணக்குச் சொல்லி விற்றுப் பாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதட்டும்.

கேள்வி: இந்தக் கதைக் கணக்கெல்லாம் இங்கிலீஷ்காரன் கொண்டுவந்ததுதானே? (சாப்டூர்)

பதில்: இல்லை. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் இப்படிப்பட்ட கணக்குகள் நிறைய உண்டு, அதுவும் பாட்டில். பலாவை அறுக்காமலே சுளை எண்ண அதில் ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். முள் 50 என்றால் சுளை 60. பிள்ளையை வைத்துக்கொண்டே பழத்தை அறுத்து எண்ணுங்கள். கூடக்குறைய வந்தால் எவ்வளவு என்று அவனே கழித்துச் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும்.