முதலில் வாய் திறந்தவர் விதி: வீட்டு ஒயின் சுவைப்பு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: கடைக்குப் புதிதாக வந்த நாசிக் ஒயின்கள் இரண்டு. வெள்ளை சோவின்யோன் பிளாங், சிவப்பு ஷிராஸ். ஆய்வுக்களம்: பெங்களூரில் ஓர் அடுக்ககம். ஆய்வு எல்லை: சாப்பாட்டு மேசையின் நான்கு ஓரங்கள். கருதுகோள்: ஒயினின் சுவையை முடிவு செய்பவர் மேசையில் முதலில் வாய் திறப்பவரே.

புதுசு என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஐரோப்பாவில் திராட்சை அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. வெள்ளைக்குத் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பதால் சில மாதங்களில் புட்டிக்கு வந்துவிடும். சிவப்பு தோலோடு ஊறித்தான் நிறமும் துவர்ப்பும் பெறுகிறது. பிறகு பலவேளை மரப்பீப்பாயிலும் கிடக்கிறது. எனவே புது வெள்ளை நிஜமாகவே புதுசு. புதுச் சிவப்போ கடைக்காரருக்கு மட்டும் புதுசாக இருக்கலாம்.

அடுத்தது வெப்பநிலை. சிவப்பை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்பது மரபு. அந்த அறை குளிர்நாட்டு வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. எங்கள் ஏப்ரல் அறையில் ஷிராஸ் கஷாயமாகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். "சிவப்பைப் போய் ஃபிரிட்ஜில் வைப்பார்களா, அத்தான்!" என்று மைத்துனர் பதறினார். அவர் நாசிக் திராட்சைத் தோட்டமொன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே போனவர்களுக்குத் திரும்பி வந்ததும் மூக்கு சற்று நீண்டுவிடுகிறது; இது தனி ஆய்வுக்குரியது.

வெள்ளையின் முதல் மிடறிலேயே அவர் அறிவித்தார்: "பேஷன் ஃப்ரூட்." உடனே என் மனைவிக்கும் பேஷன் ஃப்ரூட் தெரிந்தது. எதிர்வீட்டு நண்பருக்கும் தெரிந்தது. அந்தப் பழத்தை வாழ்நாளில் தின்றதில்லை என்று பின்னர் குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். சிவப்புக்கு மைத்துனர் "மிளகு" என்றார். மேசை முழுக்க மிளகு.

எங்கள் மேசை மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். 2001இல் வெளியான ஆய்வொன்றில், போர்தோவில் ஒயினியல் பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சுவையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே அவர்கள் எழுதித் தந்தார்கள். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், ஒயின் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றித் தரச் செய்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே தரம் தந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008இல் இது அச்சிலும் வந்தது. அங்கே கண்ணும் சபலமும் செய்த வேலையை இங்கே மைத்துனர் ஒருவரே செய்து முடிக்கிறார்.

விதிக்கு உட்படாத சாட்சி ஒருவர் உண்டு: மாமியார். அவர் குடிப்பதில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் மகனின் அறிவிப்பும் அவர் காதில் விழவில்லை. மேசையைக் கடந்தபோது வெள்ளை ஒயின் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "குடமிளகாய் நறுக்கின வாசனைல்ல அடிக்குது" என்றார். மைத்துனர் சிரித்தார். ஆனால் குடமிளகாய்க்கு அந்தப் பச்சை வாசனையைத் தரும் மெத்தாக்ஸிபைரசின் என்னும் சேர்மம் சோவின்யோன் பிளாங் திராட்சையிலும் இருக்கிறது. அன்று மேசையருகே சொந்த மூக்கை நம்பியவர் மாமியார் ஒருவரே.

ஷிராஸ் மிளகு விஷயத்தில் மைத்துனர் சொன்னது சரி என்பதையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. மிளகில் உள்ள ரொட்டுண்டோன் அந்தத் திராட்சையிலும் உண்டு. அவர் அதை முகர்ந்து சொன்னாரா, புட்டியின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னாரா என்பது நிறுவப்படவில்லை.

பரிந்துரை: புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி ஊற்றுங்கள், எல்லோரும் தாளில் எழுதி மடித்த பிறகே பேச்சு. மைத்துனர் இருக்கும் வீடுகளில் அவர் கடைசியாகப் பேசட்டும்.