ஔவியம்: நாக்குக் கட்சியும் நெஞ்சுக் கட்சியும்

ஔ என்னும் எழுத்தில் தொடங்கும் சொற்கள் தமிழில் அரியவை. ஆத்திசூடியில் அந்த எழுத்துக்கு ஔவையார் தேர்ந்தெடுத்த சொல் ஔவியம். அதாவது, அடுத்தவர் வாழ்வதைக் கண்டு வயிறு எரிவது. அவ்வியம் என்றும் எழுதலாம். ஔகாரத்துக்குப் பதிலாக 'அவ்' வருவதற்கு இலக்கணத்தில் போலி என்று பெயர். பொறாமை பற்றிய இந்த ஆய்வுக்குப் 'போலி'யைவிடப் பொருத்தமான சொல் வாய்க்காது.

உரைகாரர்கள் போதிய அழுத்தம் தராத நுட்பம் ஒன்று ஔவையாரின் 'ஔவியம் பேசேல்' என்னும் கட்டளையில் உண்டு. ஔவையார் தடுத்தது ஔவியம் பேசுவதைத்தான், கொள்வதை அல்ல. வள்ளுவரோ கறார். 17ஆம் அதிகாரமான அழுக்காறாமையில் பத்துக் குறளும் நெஞ்சையே சோதனை போடுகின்றன. ஆனால் 167ஆம் குறளில், பொறாமைக்காரனைக் கண்டு திருமகளே பொறுக்கமாட்டாமல் அவனை அக்காள் மூதேவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். திருமகளே பொறுக்காதபோது மாமனார் வீட்டார் எம்மாத்திரம்? நாக்குக் கட்சியே நடைமுறைக்கு உகந்தது என்பது என் துணிபு.

பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் ஔவியத்தை நீக்கிவிட்டு ஔடதத்தைக் கொண்டுவந்து, அதைக் குறைக்கச் சொன்னார். ஔவியத்தை அப்படியே விட்டுவிட்டு வயிற்றெரிச்சல் மருந்தை மட்டும் எப்படிக் குறைப்பதாம்?

கள ஆய்வுக்கு ஏற்ற இடம் கிரகப்பிரவேசம். ஔவையாரின் கட்டளையை அங்கே ஒருவரும் மீறுவதில்லை. "வீடு லட்சணமா இருக்கு. தண்ணி உப்போ?" என்பார் பெரியம்மா. "லோன் எத்தனை வருஷம்ப்பா?" என்பார் ஒன்றுவிட்ட அண்ணன். "பரவாயில்லையே!" என்பதன் ஏகாரத்தைத் தேற்றத்தில் சேர்ப்பதா, வினாவில் சேர்ப்பதா என்று நன்னூலாரைத்தான் கேட்க வேண்டும். உச்சம் சித்தப்பாவுடையது: "எல்லாம் பிரமாதம். ஹால்தான் கொஞ்சம் சின்னது." இங்கே 'தான்' என்னும் இடைச்சொல் ஒன்றே முழு வீட்டையும் இடித்துவிடுகிறது.

வீட்டுக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் விருந்தினர் வருமுன்பே வாசலில் பூத முகமும் படிகாரமும் தொங்குகின்றன. கடைசியில் பூசணிக்காய் தெருவில் உடைகிறது. மறுநாள் அதில் சறுக்கி விழுகிற ஸ்கூட்டர்காரர் எவர் வாழ்வையும் கண்டு எரிந்தவர் அல்லர். இந்த அநீதி தனி ஆய்வுக்கு உரியது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிரகப்பிரவேசத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். 'சாப்பாடுதான்' என்று சொல்லிவிடாதீர்கள்.