முறுக்கின் ஓட்டைக்கு எடை உண்டா? – ஓர் ஆய்வு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு வகைப்படும் என்பது இலக்கணத்தார் துணிபு. கூரியர் கடைக்காரர் ஐந்தாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்: டேப்பை நீட்டி அளந்து, முகந்ததாகக் கணக்குப் பார்த்து, எடுத்ததாகப் பில் போடுவது. உலக வழக்கில் இதற்கு 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்று பெயர்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ வரும். விமானச் சரக்குக் கணக்கில் 6000-ஆல் வகுப்பதும் உண்டு. இந்த எடை, தராசு காட்டும் எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு.

தீபாவளிக்கு நியூ ஜெர்சி மகனுக்குத் தேன்குழல் போகிறது என்று கொள்வோம். நொறுங்கக் கூடாதென்று சுற்றிலும் தெர்மாகோல். பெட்டி 40, 40, 30. தராசில் 5 கிலோ. டேப்பில் 9.6, அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றினால் 10. மீதி 5 கிலோ என்ன? ஓட்டை. 'இதையும் வை' என்று அம்மா கடைசி நேரத்தில் ஒரு பொட்டலத்தைத் திணித்து, பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 2 சென்டிமீட்டர் உப்பினால் 11.5 கிலோ. டேப் தொந்தியின் உச்சியில்தான் வைக்கப்படும். பருப்புப் பொடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. தராசு சொன்னதே முடிவு.

கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. விமானத்தின் வயிறு பல நேரம் எடையால் அல்ல, இடத்தால் நிரம்புகிறது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் இரண்டும் 3 கன அடிக்குக் குறைந்த தரைவழிப் பெட்டிகளை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவைத்திருந்தன. 2015 பிறக்கும் தறுவாயில் அந்தச் சலுகையும் போயிற்று.

இடத்தை மிச்சம் பிடிக்கும் கலையில் ஸ்வீடனின் ஐகியா நிறுவனத்துக்குப் பெரிய பெயர். 1956-இல் அங்கே கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற வடிவமைப்பாளர், காருக்குள் நுழைய மறுத்த மேசையின் கால்களைக் கழற்றினார். பிரித்து அடுக்கி விற்கும் வியாபாரம் அதிலிருந்து வளர்ந்தது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அப்பளத்தைத் தட்டையாக அடுக்கி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பொரித்துக்கொள்ளச் சொன்னது யார்? பொரித்த அப்பளத்தை எந்தப் பாட்டியும் பார்சலில் வைத்ததில்லை. தேன்குழலுக்குத்தான் அந்த வழி இல்லை. இங்கேயே பிழிந்து, இங்கேயே பொரித்து, ஓட்டையோடுதான் விமானம் ஏற்ற வேண்டியிருக்கிறது.