பத்திய மாமா கப்பலேறுகிறார்

தக்காளி சூப்பில் என்ன இருக்கிறது என்று பத்திய மாமா கேட்பார். தக்காளி என்று பதில் வரும். அது தெரிகிறது, கெட்டியாக இருக்கிறதே, எதைப் போட்டுக் கெட்டியாக்கினீர்கள்? கார்ன்ஃப்ளார். அதில் மைதா கலப்பு உண்டா? மேலே வெள்ளையாக மிதப்பது என்ன? கிரீம். எந்த மாட்டுக் கிரீம்? இந்தக் கேள்விக்கு எந்தக் கப்பலிலும் பதில் கிடையாது. பரிமாறுபவர், உள்ளே கேட்டு வருகிறேன் என்று போவார். மேசையில் மற்றவர்கள் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். அவர் திரும்பி வருவதற்குள் கூடையில் இருந்த ரொட்டி இரண்டை மாமா வெண்ணெய் தடவி முடித்திருப்பார். கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்று சற்று முன் சொன்னதும் இதே மாமாதான்.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஏற்றிக்கொண்டு பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக்காட்டி மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடுகிற எந்தக் கப்பலிலும் இவர் ஒருவர் இருப்பார். அவர் பாளையங்கோட்டைக்காரராக, அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவராக, என் அத்தையின் வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

டிக்கெட் போடும்போதே கப்பல் கம்பெனிக்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். எது ஒத்துக்கொள்ளாது, என்ன விரதம், வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா என்றெல்லாம் ஒரு படிவம். ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பினால் அதற்கேற்ற சாமானை ஏற்றிக்கொள்ள வசதி. நடுக்கடலில் மளிகைக்கடையா இருக்கிறது? மாமா அதை நிரப்பவில்லை. “மூணு வரிதாம்டே விட்டிருக்கான். நேர்ல போய்ச் சொல்லிக்கிடுவோம்.”

மூன்று வரி போதாதுதான். ஒவ்வாமை தரும் பொருள்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 14 வகையைப் பட்டியலிட்டு, உணவில் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 9, அந்த ஒன்பதாவது, எள், 2023இல்தான் சேர்ந்தது. மாமாவின் பட்டியல் இவற்றுக்கெல்லாம் மூத்தது. கத்தரிக்காய் கரப்பான். உருளைக்கிழங்கு வாயு. பூசணி குளிர்ச்சி, அன்னாசி சூடு. ராத்திரியில் கீரை கூடாது. எள் தோலுக்கு ஆகாது. ஆனால் எள் வறுத்துப் போட்டு இடித்த இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது. அது பழகின எள்.

இதெல்லாம் முன்னுரை. மாமாவின் முழு வித்தையும் ராத்திரிச் சாப்பாடு முடிந்தபிறகுதான் வெளிப்படும். ஒவ்வாமைக்காரர்களுக்கென்று கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் ராத்திரிக்கான மெனு அட்டையை முந்தின நாளே மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். எது வேண்டும், அதில் எதை விலக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போய், சமையலறையில் தனிச் சட்டி, தனிப் பலகை வைத்துச் செய்வார்கள். ஆயிரக்கணக்கான தட்டுகள் ஒரே நேரத்தில் வெளியே போகிற இடத்தில், கடைசி நிமிஷத்தில் வந்து பாலாடைக்கட்டியை எடு என்றால் யார் எடுப்பது? நல்ல ஏற்பாடு. பேச வேண்டியதைப் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மாமா கையில் அட்டை போனால் சட்டசபையில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிற மாதிரி வரிவரியாக நடக்கும்.

எங்கள் மேசைக்கு வாய்த்தவர் தூத்துக்குடித் தம்பி. அதுதான் வினையாகப் போயிற்று. பிலிப்பைன்ஸ்காரரோ இந்தோனேசியாக்காரரோ வந்திருந்தால் மாமாவின் ஆங்கிலம் இரண்டு கேள்வியில் தீர்ந்திருக்கும்.

“சீசர் சாலட்டுனு போட்டிருக்கே, வெறும் இலைதான தம்பி?”

“மேல ஊத்துற டிரெஸ்ஸிங்ல நெத்திலி இருக்கும் ஐயா.”

“இலையில மீனு!” மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “இந்த கிரீன் கறி? காய்கறி படம் போட்டிருக்கான்.”

“தாய்லாந்துக் கறி ஐயா. அரைக்கிற மசாலாவுல இறால் விழுது சேரும், மீன் சாஸும் ஊத்துவாங்க. ரெண்டும் இல்லாம உங்களுக்குத் தனியா செய்யச் சொல்லிருதேன்.”

“பார்மசான் சீஸ்?”

தம்பி ஒரு கணம் தயங்கினார். “அந்தப் பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட்டுதான் போடுவாங்க ஐயா.”

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கடலைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் மாமா பக்கம் நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. பரம்பரைச் சைவர். இந்த மூன்றையும் அவர் கேட்காமல் விட்டிருந்தால் நாங்களும் விட்டிருப்போம். மீனையும் இறாலையும் சைவம் என்று நம்பித் தின்றிருப்போம். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு சால்வை போர்த்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காளான் எந்த ஊர்க் காளான், அரிசி புழுங்கலா பச்சையா, பொரிக்கிற எண்ணெயை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், வெள்ளரிக்காயின் காம்புப் பக்கம் கசக்குமே, அதை வெட்டிப் போடுகிறீர்களா? பக்கத்து மேசைகளில் விரிப்பை மாற்றி மறுநாள் காலைக்குக் கரண்டி அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தம்பி நின்றுகொண்டே இருக்கிறார். அட்டையின் கடைசி வரிவரை விசாரித்து முடித்துவிட்டு மாமா பெருமூச்சு விட்டார். “ஒண்ணும் நமக்குச் சரிப்படாது. ஒரு கிண்ணம் தயிர்சோறு கொண்டாந்திரு. ஊறுகா இருக்கா?”

எல்லா ராத்திரியும் இந்த விசாரணை நடந்தது. எல்லா ராத்திரியும் தீர்ப்பு தயிர்சோறுதான். பால் ஆகாது என்று தம்பியின் குறிப்பேட்டில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது.

இனிப்புக்கு மட்டும் விசாரணை கிடையாது. பன்னகோட்டா என்று வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டு ஒன்று வந்தது. இத்தாலியப் பண்டம், கிரீமைக் காய்ச்சி ஜெலட்டின் போட்டு உறைய வைப்பது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலோ எலும்பிலோ பன்றித் தோலிலோ எடுப்பது. மாமா ஒன்றைச் சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார்.

“ஐயா, இதுல பால் இருக்கு,” என்றார் தம்பி.

“தெரியும் தம்பி. சீனி சேந்துட்டா பால் ஒண்ணும் பண்ணாது.”

ஜெலட்டினைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. எழுந்து போய்த் தம்பியிடம் மெதுவாக விசாரித்தேன். “சைவம்னு சொன்ன அன்னைக்கே இவங்க மேசைக்குக் கடல்பாசில செய்யச் சொல்லிட்டேண்ணே,” என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கேட்காத கேள்விக்கும் வேலை பார்த்து வைத்திருக்கிறார் மனுஷன்.

மாமா பெட்டியில் வைத்து எடுத்துவந்த சின்ன மின்சாரக் குக்கரைக் கப்பலேறும்போதே ஸ்கேனரில் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அறையில் சூடாகும் சாதனம் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும் என்ற பயம். ரசீது கொடுத்து, இறங்குகிற அன்றைக்குத் திருப்பித் தந்தார்கள். பருப்புப்பொடி தப்பித்தது. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றது. அங்கேயிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. குவீன் வீதி மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது என்று மாமாவே எங்களுக்கு விளக்கினார். கும்பிட்டு முடித்ததும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போய் உட்கார்ந்தோம். அங்கே மாமா வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டுமே. கத்தரிக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், சேமியா பாயசம். ரசத்தை இரண்டு தடவை கையில் வாங்கிக் குடித்தார். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். நிஜமாகவே கோதுமை ஆகாதவர் விசாரிக்க வேண்டிய முதல் பண்டம் ரசம்தான். “இதுல என்ன போட்டிருக்கீங்க?” என்று மாமா கேட்டதாக எனக்கு நினைவில்லை. “இன்னும் கொஞ்சம் விடுங்க,” என்றது நினைவிருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பாளையங்கோட்டை வீட்டில் மாமாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தட்டில் என்ன விழுகிறதோ அதைப் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லக்கூட அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். இங்கே ஒருவர் கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு, கையில் பென்சிலோடு குனிந்து நின்று, நாளைக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அத்தனை வருஷச் சம்சாரத்தில் அத்தை கேட்காத கேள்வி. சட்டென்று முடித்துவிட மனசு வருமா?

பாவம் என்று விட்டுவிடலாம். அந்தக் கடலை விவகாரம் நடக்காமல் இருந்திருந்தால்.

பக்கத்து மேசையில் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண்குழந்தை. நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் வாயுவோ சூடோ இல்லை. உதடு வீங்கி மூச்சு அடைத்துப்போகும். தொடையில் குத்துகிற அட்ரினலின் ஊசியை அவள் அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். பஃபே பக்கம் அவர்கள் போவதே இல்லை. கடலை போட்ட சாத்தே குழம்பில் கிடந்த கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போவதை யார் காவல் காப்பது? அந்த அம்மாவும் ராத்திரிதோறும் மெனு அட்டை பார்ப்பார். ஒரே கேள்வி: எதிலெல்லாம் கடலை? இரண்டு நிமிஷம், முடிந்தது.

மாமா இதைக் கவனித்துவிட்டார். மறுநாள் ராத்திரி தம்பியிடம் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். “எனக்கும் கடலை கொஞ்சம் அப்படித்தான். எழுதிக்கோ.” அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மசாலாக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். அந்த வழியாக டிரே எடுத்துப் போன தம்பியைக் கூப்பிட்டு, “ஒரு கை அள்ளிக்கிடுங்க,” என்று நீட்டவும் செய்தார்.

தம்பி சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிக்காததை எல்லாம் அலர்ஜி என்று சொல்லி, அதையே கண்ணெதிரே தின்றும் காட்டுகிற மாமாக்களை அவர் வாராவாரம் பார்க்கிறார். ஐம்பது மாமாவுக்கு அப்புறம் அந்த அம்மா வந்து கடலை என்று சொல்லும்போது, இதுவும் அந்த மாதிரிதானோ என்று ஒரு வினாடி தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த ஒரு வினாடியில் சட்டியைக் கழுவாமல் விட்டால் போதும். கப்பலில் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, சரி. பெரிய ஆஸ்பத்திரி கரையில்தான் இருக்கிறது, கரை பல மணி நேரத் தூரம். கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலையுங்கள் மாமா. யாரும் உங்களை அடிக்கப்போவதில்லை. அட்டை பார்க்கிற நேரம் அந்தக் குழந்தைக்காக வைத்தது. அதில் முக்கால்வாசியை வெள்ளரிக்காய்க் காம்புக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில் தயிர்சோறு தின்றுவிட்டுப் போகாதீர்கள்.

இதை மாமாவிடமே சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு நிஜமாவே ஆகாதாடே?” என்று கேட்டார். முகம் கொஞ்சம் சுண்டிப்போயிற்று. பொட்டலத்தை மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி தம்பியிடம் கடலையை மட்டும் அடிக்கச் சொன்னார். எள் அப்படியே இருந்தது.

கடைசி ராத்திரி தயிர்சோறு முடிந்து, இரண்டாவது பன்னகோட்டாவும் முடிந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார். தம்பி வெறுங்கையோடு வந்து நின்றார்.

“அட்டை எங்க தம்பி?”

“நாளைக்குக் காலையில இறங்கிருவீங்களே ஐயா.”

மாமா ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் குடித்தார். கப்பலேறியதில் இருந்து மெனு விஷயத்தில் வாயே திறக்காத அத்தை நாப்கினை மடித்து வைத்தாள்.

“வீட்டுக்குப் போன அன்னைக்கு ரசமும் சுட்ட அப்பளமும்தான். ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க.”