நல்லா விழுந்திருக்கா? கையடக்க டிஜிட்டல் கேமராவின் திறனாய்வுக்கு ஒரு பாயிரம்

கேமராவின் தரத்தைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் லென்ஸில் தொடங்குவர். இந்த ஆய்வு ஒரு வினைச்சொல்லில் தொடங்குகிறது. தமிழர் படத்தை எடுக்கிறார்கள், பிடிக்கிறார்கள். ஆனால் எடுத்த படத்துக்குத் தீர்ப்பு சொல்லும் நேரத்தில் ‘விழு’ என்ற வினைக்குத் தாவிவிடுகிறார்கள். “போட்டோ நல்லா விழுந்திருக்கு.” “நான் இதுல சரியா விழல.” எடுப்பது எடுப்பவர் பொறுப்பு, விழுவது யார் பொறுப்பு? கேமராவா, வெளிச்சமா, முகமா? இலக்கணிகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆய்வுக்கு இடம் கிடைத்தது என்க.

ஆய்வுப் பொருள், சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு டிஜிட்டல் கேமரா. பித்தானை அமுக்குவதைத் தவிர உரிமையாளரிடம் வேறெந்தத் திறமையையும் எதிர்பாராதது. சைபர்ஷாட், இக்ஸஸ், கூல்பிக்ஸ் என்ற திருநாமங்களோடு துபாய், சிங்கப்பூர் உறவினர்களின் பெட்டிகளிலும் பர்மா பஜார் கடைகளிலும் வந்து இறங்கியது. ஆய்வுக்களம் கல்யாண வீடு. கருவியை இயக்குபவர், எல்லாக் குடும்பங்களிலும் தவறாமல் இருக்கும் அந்தச் சித்தப்பா.

முதல் வினா, படம் எதன்மேல் விழுகிறது என்பது. இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் ‘1/2.3 அங்குலம்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். கணக்குப் போட்டால் 11 மில்லிமீட்டர் வர வேண்டும். அளந்தால் மூலைக்கு மூலை 7.7 மில்லிமீட்டர்தான். மீதி எங்கே? பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் வெளிச்சத்தை வாங்கும் பரப்பு ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது. குழாயின் வெளிவிட்டத்தையே அளவாகச் சொல்வது அன்றைய வழக்கம். குழாய் ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. தேங்காயை மட்டையோடு அளந்து விலை சொல்வது போன்றது இது. உரித்துப் பார்த்தால் அகலம் 6.2, உயரம் 4.6 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு துவரம் பருப்பு. மணமக்கள், மேடை, நாதஸ்வரக் குழு, மூன்று தலைமுறை உறவு அனைத்தும் விழ வேண்டியது இந்தப் பருப்பின் மேல்தான்.

அந்தப் பருப்பை எத்தனை துண்டாக நறுக்கலாம் என்பதே மெகாபிக்சல் மரபினரின் தத்துவம். 1995இல் காசியோ க்யூவி-10 இரண்டரை லட்சம் பிக்சலோடு வந்தது. 2000இல் வந்த முதல் டிஜிட்டல் இக்ஸஸுக்கு 20 லட்சம். பிறகு 80 லட்சம், 1.2 கோடி, 1.6 கோடி என்று நறுக்கல் தொடர்ந்தது. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 21.6 லட்சம் பிக்சல் போதும். ஆல்பத்தில் ஒட்டும் படத்துக்கு 2000ஆம் ஆண்டே ஏறக்குறைய வேலை முடிந்துவிட்டது. இதை எந்தக் கடைக்காரரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இயற்பியலுக்கும் இதில் ஒரு மனக்குறை உண்டு. லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒரு புள்ளி வெளிச்சம் புள்ளியாக விழாது, சிறு வட்டமாகத்தான் விழும். 1835இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டுக் காட்டிய வட்டம் அது. லென்ஸின் திறப்பு எஃப் 2.8 என்றால் பச்சை ஒளியில் அதன் விட்டம் சுமார் 3.7 மைக்ரான். 1.6 கோடி துண்டாக நறுக்கிய பருப்பில் ஒரு பிக்சலின் அகலமோ 1.3 மைக்ரான். பணியாரச் சட்டியின் குழிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம், கரண்டி சிறுக்காது. ஒரு கரண்டி மாவு ஐந்தாறு குழிகளில் வழியும். கேனனே ஒருமுறை இதற்குப் பணிந்தது. 2008இல் 1.47 கோடி பிக்சலோடு ஜி10ஐ விற்றது. அடுத்த ஆண்டு ஜி11ஐ ஒரு கோடியாகக் குறைத்து விற்றது. புதிய மாடலில் எண்ணைக் குறைத்து, குறைத்ததையே பெருமையாகச் சொன்ன அந்தத் துணிவை ஆய்வாளர் எழுந்து நின்று பாராட்டுகிறார்.

இனி ஆய்வுக்கூட மரபு. பேட்டரிக்கென்று ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பா வகுத்திருக்கும் சோதனை ஒரு விரதத்துக்கு நிகரானது. 30 விநாடிக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஜூமை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓட்ட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ். பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்து மறுபடி போட வேண்டும். மனிதர் யாரும் இப்படிச் செய்யமாட்டார் என்று நினைப்பவர், புதுக் கேமராவோடு மண்டபத்துக்குள் நுழைந்த சித்தப்பாவைக் கண்டதில்லை. ஒரு குறை உண்டு: எடுத்த ஒவ்வொரு படத்தையும் சுற்றியிருக்கும் பதினைந்து பேருக்குத் திருப்பிக் காட்டும் சடங்குக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே சார்ஜ் தீர்வதன் காரணம் அதுதான்.

இன்னொரு சோதனைக்கு ஒரு பலகை உண்டு, அதற்கு ‘காய்ந்த சருகுகள்’ என்று பெயர். பல அளவு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சருகு கொட்டிக் கிடப்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். மங்கிய வெளிச்சத்தில் சிறு சென்சாரின் படம் புள்ளிபுள்ளியாக இரையும். கேமரா அந்த இரைச்சலைத் துடைக்கும்போது நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். எவ்வளவு துடைத்தது என்பதைச் சருகு காட்டிக்கொடுக்கும். வீட்டில் இதற்குத் தனிப் பலகை தேவையில்லை, பாட்டியின் நரைமுடியும் பட்டுச்சேலையின் ஜரிகையும் போதும். முடி பஞ்சுமிட்டாயாகவும் ஜரிகை மஞ்சள் பெயின்ட்டாகவும் விழுந்தால் கேமரா தோற்றது. வீட்டுத் தீர்ப்பு: “கலங்கலா இருக்கு.”

வெளிச்ச அளவுக்கும் ஒரு வீட்டுச் சோதனை உண்டு. தானியங்கிக் கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பங்காளிகள் பத்துப் பேர் வரிசையாக நின்றால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று அது முடிவு செய்யும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் கரியாகும். அதற்காக ஃபிளாஷைப் போட்டால் முன்வரிசை சுண்ணாம்படித்தாற்போல் வெளுக்கும். பின்வரிசைக்கு வெளிச்சமே போய்ச் சேராது. தூரம் இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். சொந்தத்தில் யார் யாருக்கு நெருக்கம் என்பதை அந்தப் படங்களில் வெளுப்பின் அளவை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மேற்கண்டவை எல்லாம் அசையாத பொருளுக்கான சோதனைகள். பலகை கண் சிமிட்டாது, கொட்டாவி விடாது. உண்மையான பரீட்சை, பித்தானை அமுக்கியதற்கும் படம் விழுந்ததற்கும் இடையிலுள்ள நேரத்தில் நடக்கிறது. சிறு கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே கூர்மை அதிகம் என்று தடவித் தடவித்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கும். போதாததற்கு, கண் சிவந்து விழாமலிருக்க முதலில் ஒரு பொய் ஃபிளாஷ். கண்ணின் பாவை சுருங்கட்டும் என்று. குடும்பத்துக்கு இந்த உடலியல் தெரியாது. முதல் மின்னலோடு முடிந்ததென்று சிரிப்பை இறக்கிவைத்து, வேட்டியைச் சரிசெய்ய ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் நிஜ மின்னல் வரும். ஆல்பங்களில் நம் முன்னோர் அத்தனை பேரும் ஏதோ துக்கச் செய்தியைப் பாதி கேட்டவர்கள்போல் நிற்பதன் பின்னணி இதுவே.

சிரிப்பின் ஆயுள் குறைவு என்பதை உற்பத்தியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2007இல் சோனி டி70, டி200 மாடல்களில் ஒரு வசதி வந்தது: முகம் சிரித்தால் கேமரா தானே அமுக்கிக்கொள்ளும். வாழ்நாளில் படத்துக்குச் சிரித்தறியாத பெரியப்பாவின் முன் அப்படியொரு கேமராவை நிறுத்தினால் பேட்டரி தீரும்வரை அது நின்றிருக்கும். கண் மூடியதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதியின் கதை அவ்வளவு வேடிக்கையாக முடியவில்லை. 2009இல் தைவான் வம்சாவளி அமெரிக்கக் குடும்பம் ஒன்றிடம் நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்630, “யாராவது கண் சிமிட்டினீர்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். டைம் இதழ் வரை போன விவகாரம் அது. கேமரா எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ, அந்த முகங்களே அதில் சரியாக விழும் போலும்.

2010இல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அவற்றில் பெரும்பகுதி இந்தச் சிறு இனம். 2023இல் லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்களின் எண்ணிக்கை 17 லட்சத்துச் சொச்சம். செல்போன் விழுங்கிய மிச்சம். ஆனால் மிச்சத்துக்கு இப்போது மவுசு. வெளுத்த முன்வரிசை, இருண்ட பின்வரிசை, சிவந்த கண் என்று இந்த ஆய்வு குறைகளாகப் பட்டியலிட்ட அத்தனையையும் வேண்டுமென்றே தேடி, இளையவர்கள் பழைய கேமராக்களை அலமாரியிலிருந்து தோண்டுகிறார்கள். 2016இன் இக்ஸஸ் மாடல் ஒன்றைக் கேனன் 2025இல் பெரிய மாற்றமின்றி மறுபடி விற்பனைக்கு விட்டது. அதுவரை சேர்த்த மதிப்பெண்களையெல்லாம் ஆய்வாளர் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

ஆய்வின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தை யாரிடம் நீட்டினாலும் அவர் தன் முகத்தை மட்டுமே பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார். ஒரே படத்துக்குப் பன்னிரண்டு தீர்ப்பு. சராசரி எடுக்க வழியில்லை. பதின்மூன்றாமவர் ஒருவர் உண்டு. கேமராவைப் பிடித்திருந்ததால் அவர் எந்தப் படத்திலும் இல்லை. கடைசியில் சித்தப்பா கேமராவை நாற்காலி மேல் வைத்து, 10 விநாடி டைமர் போட்டு, மேடையை நோக்கி ஓடினார். ஒன்பதாவது விநாடியில் ஜமக்காளத்தின் ஓரம் காலைத் தட்டியது. வெளிச்சம் சரி, ஃபோகஸ் சரி, பன்னிரண்டு முகமும் வாய்விட்டுச் சிரிக்கின்றன. படம் நன்றாக விழுந்திருக்கிறது. சித்தப்பாவும்.