எங்க ஊர்ல அப்படி இல்லடா!

சென்ற முகூர்த்தத்தில், தாம்பரத்தை அடுத்த ஒரு கல்யாண மண்டபத்தில், கட்டுரையாளருக்குப் பக்கத்து இலையாக வாய்த்தவர் சிங்கப்பூர்ச் சித்தப்பா. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நிற்பதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்: "எங்க ஊர்ல வரிசைன்னா வரிசைடா!" பிறந்து வளர்ந்தது மன்னார்குடி. 'எங்க ஊர்' என்று அவர் சொல்வது சிங்கப்பூரின் அங் மோ கியோவை. சாம்பாருக்கு ரயில், ரசத்துக்கு நடைபாதை, மோருக்குக் கார்ப்பரேஷன் என்று இலையை மடிக்கிறவரை இரு நாட்டு வாழ்க்கைத் தரமும் அலசப்பட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோ, முந்தைய பந்திக்காரர் கை கழுவுமுன் கர்சீப் போட்டுப் பிடித்தது. அதிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் உணவங்காடிகளில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்பது ஊரறிந்த வழக்கம்.

எரிச்சல் என்னவென்றால், மனிதர் பொய் சொல்லவில்லை. அங்கே முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு. சராசரி ஆயுள் 83ஐ ஒட்டி. இந்தியாவில் 72ஐ ஒட்டி. "இங்கே சொந்தபந்தம் இருக்கே, சித்தப்பா" என்று பதில் சொல்லலாம்தான். அந்தச் சொந்தபந்தத்தில் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் கட்டுரையாளர் பேச்சில் காரை இழுத்தார்.

சிங்கப்பூரில் காரை வாங்கினால் போதாது, கார் வைத்துக்கொள்ளும் உரிமையையும் வாங்க வேண்டும். 1990இலிருந்து இதற்கு வாகன உரிமைச் சான்றிதழ். மாதம் இருமுறை ஏலம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. மொய் எழுதுகிற மாதிரி அந்த ஒரு வெள்ளியைக்கூட விடவில்லை. நம் பணத்தில் 90 லட்சத்துக்கு மேல். இதில் காரின் ஒரு டயர்கூட அடக்கமில்லை. காருக்கு விலை தனி, வரி தனி, பதிவுக் கட்டணம் தனி, 1998இலிருந்து மின்னணுச் சாலைக் கட்டணம் தனி. இத்தனைக்கும் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. முடிந்ததும் மறுபடி பணத்தைக் கட்டு, அல்லது வண்டியை உடைக்கக் கொடு, அல்லது நாட்டைவிட்டு அனுப்பு. நம் ஊரில் 10 வயது மாருதி என்றால் மச்சினன் ஓட்டிப் பழகுகிற பருவம். அங்கே காலன் வாசலில் நிற்கிற பருவம். 90 லட்சத்துக்குக் கூடுவாஞ்சேரியில் பால்கனியோடு வீடு பேசலாம், கார் நிறுத்த இடமும் கேட்கலாம். அங்கே வீடும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை, காரே இல்லை, வெறும் அனுமதி!

"அதனாலதான்டா ரோடு ஓடுது" என்றார் சித்தப்பா. அவருக்குக் கார் கிடையாது. எம்.ஆர்.டி. ரயிலில்தான் போவார், டுரியான் பழம் வாங்கிய அன்றைக்கு அதிலும் ஏற முடியாது.

கார்ச் சான்றிதழ் வந்த அதே 1990இல்தான் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்குவதற்கு அவருடைய நண்பர் அமர்த்தியா சென்னே முதலில் தயங்கினார். சித்தப்பாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

சிங்கப்பூர் மொத்தமே சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. ஊரை ஊரோடுதான் ஒப்பிட வேண்டும் என்று வாதாடலாம். வாதாடினால் பேச்சு தண்ணீருக்கு வந்துவிடும், அதுதான் வம்பு. பெரிய ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லாத ஊர், 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது, 2003இலிருந்து கழிவுநீரைக்கூடச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' ஆக்குகிறது, குழாயில் வருவதை அப்படியே குடிக்கிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என்று மூன்றை வைத்திருக்கும் சென்னை, கேன் வாங்கிக் குடிக்கிறது.

எந்த நாடு மேல் என்ற தீர்ப்பை இந்த இடத்தில் எழுதுவதாகத்தான் கட்டுரையாளர் உத்தேசித்திருந்தார். கேன்காரர் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.